நீரும் குழியும்

பிறநாட்டுப் பயணங்களைப் பற்றி எழுதப் புகுவோர் அந்நாட்டு மாடமாளிகைகளையும் அங்காடிகளையும் வானளாவிய கோபுரங்களையும் வருணிப்பது வழக்கம். நாம் ஈண்டு எழுதப் போவது அண்ணாந்து பார்த்த காட்சியைப் பற்றியன்று. மண்ணுக்குக் கீழே, கும்மிருட்டிலே, லொறிச் சக்கரத்து றப்பர் ரியூப் ஒன்றின்மேல் அமர்ந்து, ஓர் ஆற்றின் போக்கிலே மிதந்து சென்ற கதையே இது. நாற்பதைக் கடந்த கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு இந்த விளையாட்டுத் தகுமா என்று வாசகர் வினவக்கூடும். தகும் என்பதே எமது விடை.

நியூசிலாந்தின் வடதீவிலே, ஒக்லாந்து நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தொலைவில், வைற்றோமோ என்னும் சிற்றூர் உளது. அந்நாட்டுப் பழங்குடியினராகிய மாவோரி மக்களின் மொழியில் அப்பெயர் இரு சொற்களின் சேர்க்கை. முன்னதற்கு நீர் என்றும், பின்னதற்கு நிலத்திலே விழுந்த குழி என்றும் பொருள் கூறுவர். வன்னி மக்களாகிய எமக்கு இவ்விரண்டும் புதியனவல்ல. நீரை நம்பிக் குளந்தோறும் ஊர் அமைத்தவர்கள் எம் முன்னோர். குழியை நம்பி உயிர் காத்தவர்கள் எம் தலைமுறையினர். ஆகவே அப்பெயரின் பொருளைக் கேட்டவுடனேயே அவ்வூரைப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் எமக்கு உண்டாயிற்று.

எம் தமையனார் 1990களின் பிற்பகுதியிலே நாட்டைவிட்டுச் சென்று, இப்போது ஒக்லாந்திலே மனைவி மக்களோடு வாழ்கிறார். சென்ற மார்கழி விடுமுறையில் நாமும் எம் இல்லாளும் அவரைக் காணச் சென்றிருந்தோம். எங்களூரில் மாரிமழை பொழிந்து குளங்கள் வான்பாயும் அக்காலத்தில், அங்கே கோடை. தமையனாரின் மகன், எமது பெறாமகன், பதினான்கு வயதுப் பையன். அந்நாட்டிலே பிறந்தவன். அவன்தான் இப்பயணத்துக்குக் காரணகர்த்தா. "சித்தப்பா, நீங்கள் பூமிக்குக் கீழை ஆறு ஓடுறதைப் பாக்கவேணும்" என்று வந்த நாள் முதலாக நச்சரித்துக்கொண்டிருந்தான்.

புவியியல் கற்பிப்பவராதலின், அக்குகைகள் எவ்வாறு உண்டாயின என்பதைச் சொல்லாது அப்பாற் செல்ல எமக்கு மனம் வரவில்லை. ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அப்பகுதி கடலடியாக இருந்தது. சிப்பி முதலான கடலுயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து, காலகதியில் இறுகிச் சுண்ணாம்புக் கல்லாயின. பின்னர்ப் பூமியின் அசைவினால் அப்படுகை மேலெழுந்து, வளைந்து, வெடித்தது. மழைநீரோ காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகின்றது. அந்நீர் வெடிப்புகளினூடே இறங்கிச் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைக்க, வெடிப்புத் துளையாகிறது, துளை குகையாகிறது, குகையினுள்ளே ஆறு புகுந்து ஓடுகிறது. கரைந்த சுண்ணாம்பு மீண்டும் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக வீழ்ந்து, விழுதுகளாயும் தூண்களாயும் உறைகின்றது. அவ்விழுதுகள் நூறாண்டுக்கு ஒரு கன சென்ரிமீற்றர் அளவே வளரும் என்று அங்குள்ள வழிகாட்டிகள் கூறுவர்.

மலேசியாவிலே முருகன் குடிகொண்டிருக்கும் பத்துமலைக் குகையும் இவ்வாறு சுண்ணாம்புக் கல்லில் அமைந்ததே. எமது நாட்டில் யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புப் பாறையாலானது. ஆதலின் அங்கே வற்றாது ஓடும் ஆறில்லை. நீர் நிலத்தடியிலேயே தங்கியும் ஓடியும் வருகின்றது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அந்நீர் வெளிமுகங் காட்டும் இடங்கள். வவுனியா நிற்பதோ மிகப் பழைய, கடினமான பாறையின்மேல். அது நீரிலே எளிதிற் கரைவதன்று. தன்னுள் ஆறு புக இடங்கொடுப்பதுமன்று. அதனாலன்றோ எம் முன்னோர் மழைநீரை நிலத்தின்மேலேயே மறித்துக் கட்டினர்! செட்டிகுளம், புளியங்குளம், கனகராயன்குளம், பாவற்குளம் என்று ஊரின் பெயரே குளமாக முடியும் நாட்டிற் பிறந்தவருக்கு, நிலத்தின் அடியிலே ஓர் ஆறு என்பது பெருவியப்பே.

வைற்றோமோக் குகையின் வரலாறும் சுவை மிக்கது. உள்ளூர் மாவோரி மக்கள் குகை வாயிலை முன்னரே அறிந்திருந்தனர். 1887ஆம் ஆண்டிலே டானே டினோராவ் என்னும் மாவோரித் தலைவரும், பிரெட் மேசு என்னும் ஆங்கில நில அளவையாளரும், நார்ச்செடித் தண்டுகளைக் கட்டித் தெப்பமாக்கி, மெழுகுதிரி வெளிச்சத்திலே ஆற்றுவழியாக உள்ளே சென்றனர். அடுத்த சில பயணங்களிலே மேலிருந்து வேறொரு வாயிலும் கண்டுபிடிக்கப்பட்டது. 1889இல் டானே டினோராவ் குகையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அவரும் அவர் மனைவியாரும் தாமே பார்வையாளரை அழைத்துச் சென்று காட்டினர். 1906இல் அரசாங்கம் குகையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 83 ஆண்டுகள் கழித்து, 1989இல், நிலமும் குகையும் பழைய உரித்தாளரின் வழித்தோன்றல்களுக்கே மீள அளிக்கப்பட்டன. காணி மீளக் கிடைப்பது எத்துணைப் பெரிய நிகழ்ச்சி என்பதை வன்னியில் வாழ்வோருக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

நாம் ரியூப்பில் மிதந்தது அதற்கு அண்மையிலுள்ள ருவாகுரி என்னும் குகையில். நாய்களின் வளை என்பது அப்பெயரின் பொருள். வேட்டைக்குச் சென்ற மாவோரி இளைஞன் ஒருவன் அதன் வாயிலிலே காட்டுநாய்களிடம் அகப்பட்டான் என்று ஒரு கதை வழங்குகிறது. அக்குகையின் பழைய வாயிலருகே மாவோரி மக்களின் முன்னோரை அடக்கஞ் செய்த புனித இடம் உண்டு. 1988இல் மூடப்பட்ட அக்குகையை 2005இல் நடந்து பார்ப்போருக்காக மீளத் திறந்தபோது, அப்புனித இடத்தை மிதியாதவாறு வேறொரு பக்கத்திலே சுருள்வழி ஒன்றை நிலத்தினுள் அமைத்தனர். இறந்தோரின் இடத்திலிருந்து வெளியேறும்போது நீரால் தம்மைத் தூய்மை செய்துகொள்வது மாவோரி வழக்கம் என்று கேள்வியுற்றோம். மயானத்திலிருந்து திரும்பி நீராடிய பின்னரே வீட்டினுள் புகும் எமக்கு அது சொந்த வழக்கம்போலவே தோன்றிற்று.

ரியூப்பில் மிதக்கும் இவ்விளையாட்டு 1987ஆம் ஆண்டளவில் அங்கே தொழிலாகத் தொடங்கப்பெற்றது. எங்கள் குளங்களிலே மீன்பிடிப்போர் ரியூப்பின்மேல் அமர்ந்து வலை விரிப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதையே இருட்டிலே செய்வதற்குப் பணம் வாங்குகிறார்கள் என்று தமையனாரிடம் கூறி நகைத்தோம்.

வழிகாட்டியாக வந்தவர் மாவோரி வழிவந்த இளைஞர் ஒருவர். அவருக்குத் துணையாக இன்னொருவர். எங்கள் குழுவிலே பத்துப்பேர். முதலிலே, உடலோடு ஒட்டிக்கொள்ளும் தடித்த றப்பர் உடையையும், சப்பாத்தையும், விளக்குப் பூட்டிய தலைக்கவசத்தையும் தந்தார்கள். பன்னிரண்டு முழச் சேலையையன்றி வேறொன்றும் உடுத்தறியாத எம் இல்லாள் அவ்வுடையில் வெளிவந்தபோது, நாம் நகைப்பதா, நகையாதிருப்பதா என்று தெரியாது நின்றோம். அவரோ எம்மைப் பார்த்து முந்திச் சிரித்துவிட்டார். எமது தொந்தியை அவ்வுடை மறைக்கவில்லை என்பது பின்னரே விளங்கிற்று.

அடுத்து, அண்மையிலுள்ள ஓடையொன்றிலே பயிற்சி. ரியூப்பை இருக்கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முதுகுப்புறமாகத் தண்ணீரிலே குதிக்க வேண்டும். குகையினுள் சிறிய நீர்வீழ்ச்சிகள் உள்ளன. அவற்றை அவ்வாறுதான் கடக்க வேண்டுமாம். எல்லோரும் குதித்து முடிந்ததும், "யாரேனும் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்று வழிகாட்டி வினவினார். ஒருவர் படம் எடுக்கலாமா என்று கேட்டார். ஒருவர் குளிரைப் பற்றிக் கேட்டார். எம் இல்லாள் எம்மிடம் திரும்பி, "வெளியிலை வர எத்தனை வழி எண்டு கேளுங்கோ" என்றார்.

அவ்வினாவின் பொருள் ஆண்டு அங்கு நின்றோரில் எமக்கும் தமையனாருக்குமே தெரியும்.

1990இன் பின், ஓமந்தைக்கு வடக்கே வீட்டுக்கொரு பதுங்குகுழி இருந்தது. பள்ளிக்கூடத்து முற்றத்திலும் இருந்தது. ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, மேலே பனங்குற்றிகளை அடுக்கி, அதன்மேல் மண்மூட்டைகளைப் பரப்புவார்கள். புகைவண்டி ஓடாதுபோன தண்டவாளத்தின் சிலிப்பர்க் கட்டைகளும் அவ்வாறு கூரையாயின. குழியை நேராக வெட்டாது 'ட' வடிவிலே வெட்டுவார்கள். ஒரு முனையிலே குண்டு வீழ்ந்தாலும் மறுமுனையில் இருப்போர் பிழைக்க வேண்டும் என்பதற்காக. இடமுள்ளோர் இரு முனையிலும் வாயில் வைப்பார்கள். ஒரு வாயில் இடிந்தால் மறுவாயிலால் வெளியேறலாம். குழிக்குள்ளே குப்பி விளக்கு எரியும். வானத்திலே இரைச்சல் கேட்டவுடன் அதனை ஊதி அணைத்துவிடுவோம். அந்த இருட்டிலே மழைநீரும் தேங்கி நிற்கும். சிலவேளை பாம்பும் இருக்கும். இல்லாள் வளர்ந்தது கிளிநொச்சிப் பக்கத்திலே. அவர் சிறுமியாயிருந்தபோது ஒருநாள் குழியின் வாயில் சரிந்து, அயலவர் மண்வெட்டியோடு வரும்வரை மூன்று மணி நேரம் தாயாரோடு உள்ளே இருந்தார் என்பது எமக்கு மட்டுமே அவர் கூறிய செய்தி.

வினாவை நாம் ஆங்கிலத்திலே கேட்டோம். வழிகாட்டி சிரிக்கவில்லை. ஈரமண்ணிலே ஒரு குச்சியினால் குகையின் வடிவத்தைக் கீறி, நுழைவது இவ்விடம், வெளியேறுவது இவ்விடம், இடையிலே மேலே ஏறக்கூடிய வழி இவ்விடம் என்று காட்டினார். "நான் முன்னால் போவேன். இவர் கடைசியில் வருவார். மழை பெய்து ஆறு பெருகும் என்ற ஐயம் சிறிதிருந்தாலும் நாம் உள்ளே போவதில்லை" என்றார். இல்லாள் அக்கீறலைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, போவம்" என்றார்.

மழையைப் பற்றி அவர் கூறியது வெறும் உபசாரமன்று. 2018ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே தாய்லாந்தின் தாம் லுவாங் குகையினுள் சென்ற 12 சிறுவர்களும் அவர்களின் பயிற்சியாளரும் மழைவெள்ளத்தால் உள்ளே அகப்பட்டதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அவர்கள் அனைவரும் ஆடி மாதம் 10ஆம் திகதியளவில் மீட்கப்பட்டனரெனினும், அப்பணியிலே சமான் குணான் என்னும் முன்னாட் கடற்படைச் சுழியோடி தம் உயிரை ஈந்தார். சுண்ணாம்புக் குகையிலே நீர் ஏறுவது எங்கள் குளத்திலே நீர் ஏறுவது போன்றதன்று. வான்பாய்வதற்கு அங்கே இடமில்லை.

பாறையிடையே ஒரு சிறு வெடிப்பு. ஒருவர்பின் ஒருவராக, ரியூப்பைத் தோளிலே மாட்டிக்கொண்டு இறங்கினோம். கோடையாயினும் நீர் பனிக்கட்டிபோற் சில்லிட்டது. சில இடங்களில் நிமிர்ந்து நடக்கலாம். சில இடங்களில் தவழ வேண்டும். சில இடங்களில் ரியூப்பிலே படுத்து, மூக்குக்கு ஒரு முழம் மேலே பாறை செல்ல மிதக்க வேண்டும். ஆற்றின் இரைச்சல் சுவர்களிலே மோதித் திரும்பி வந்துகொண்டேயிருந்தது. முதலாவது நீர்வீழ்ச்சியின் விளிம்பிலே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றபோது, இவ்வயதில் இது வேண்டுமா என்ற எண்ணம் எமக்கும் வராமலில்லை. பெறாமகன் கீழே நின்று, "குதியுங்கோ சித்தப்பா!" என்று கூவினான். குதித்தோம். மூக்கிலும் காதிலும் நீர் புகுந்தது. மேலெழுந்தபோது, சிறுவயதிலே குளக்கட்டின் மருதமரத்திலிருந்து குதித்து எழுந்த அதே மகிழ்ச்சி! இல்லாள் எமக்கு அடுத்துக் குதித்தார். கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாலும் ஓசையின்றிக் குதித்தார்.

ஓரிடத்திலே ஆறு அகன்று அமைதியாயிற்று. ஒவ்வொருவரும் தம் கால்களைத் தமக்கு முன்னாலிருப்பவரின் கையிலே கொடுத்து, விலாங்குமீன்போல் நீண்டதொரு கோவையாக இணைந்துகொள்ளச் சொன்னார் வழிகாட்டி. பின்னர் எல்லா விளக்குகளையும் அணைக்குமாறு கூறினார்.

அணைத்தோம். அமாவாசை இரவிலே காட்டுவழி சென்றவருக்கும் அத்தகைய இருள் தெரியாது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் வேற்றுமை இல்லை. சற்று நேரத்திலே மேலே ஓர் ஒளிப்புள்ளி தோன்றிற்று. பின்னர்ப் பத்து, பின்னர் நூறு, பின்னர் எண்ணற்றவை. நீலமும் பச்சையும் கலந்த அவ்வொளி கூரை முழுவதும் பரந்து, ஆறு வளைந்தவிடமெல்லாம் தானும் வளைந்து சென்றது. வானத்தைப் பெயர்த்து மண்ணுக்குக் கீழே வைத்தாற்போல் இருந்தது. பத்துப்பேரில் ஒருவரும் பேசவில்லை.

அப்போது திடீரென்று, இருட்டிலே, இடியோசைபோல் ஒரு பேரொலி எழுந்து குகை முழுவதும் அதிர்ந்தது.

நாமும் இல்லாளும் ஒருசேரத் தலையைக் குனிந்து காதைப் பொத்திக்கொண்டோம். நினைந்து செய்ததன்று, உடம்பு தானாகவே செய்தது. எம் காலைப் பற்றியிருந்த இல்லாளின் கை இரும்பாகிவிட்டது. ஏனையோரின் சிரிப்பொலி கேட்டது. வழிகாட்டி தம் ரியூப்பைத் தூக்கி நீர்ப்பரப்பிலே ஓங்கி அறைந்திருந்தார், அவ்வளவே. "மேலே பாருங்கள்" என்றார். பார்த்தோம். அவ்வோசையின் அதிர்விலே புள்ளிகள் முன்னிலும் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தன. பேரொலி கேட்டால் விளக்கை அணைத்தே பழகிய எமக்கு, பேரொலி கேட்டு ஒளி பெருகியது அன்றுதான் முதன்முறை. இல்லாளின் கை மெல்ல மெல்லத் தளர்ந்தது.

அவ்வொளி தருபவை எம் நாட்டு மின்மினிகளல்ல. மின்மினி வண்டினம். இவையோ நுளம்பை ஒத்த சிறு பூச்சியொன்றின் புழுக்கள். அரக்னோகாம்பா லூமினோசா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். நியூசிலாந்திலன்றி வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. ஒவ்வொரு புழுவும் கூரையிலிருந்து பசைத்துளிகள் கோத்த நூல்களைத் தொங்கவிட்டு, உடலின் கடைப்பகுதியிலே ஒளியேற்றிக் காத்திருக்கும். ஒளியை வானமென்று மயங்கிப் பறந்துவரும் சிறு பூச்சிகள் நூலிலே ஒட்டிக்கொள்ள, அவற்றை இழுத்து உண்ணும். ஏறக்குறைய ஒன்பது மாதம் இவ்வாறு வாழ்ந்து, கூட்டுப்புழுவாகிப் பின் இறகு பெற்று வெளிவரும் பூச்சிக்கு உண்ண வாயில்லை. சில நாட்களே உயிர்வாழ்ந்து, முட்டையிட்டு மடியும். பசித்த புழுவே மிகப் பிரகாசமாக ஒளிரும் என்று வழிகாட்டி கூறியபோது, அழகிய அவ்வானத்தைப் பார்க்க எமக்குச் சிறிது இரக்கமும் உண்டாயிற்று.

குகையின் மறுவாயிலிலே பகலொளி தெரிந்தது. முதலில் ஒரு பச்சை நிறம். அணுகிய பின்னரே அது பன்னச்செடி என்று தெரிந்தது. மொத்தம் மூன்று மணி நேரம் சென்றிருந்தது. வெந்நீரிற் குளித்து, சூடான சூப்பும் பாணும் உண்டபின் வண்டியில் ஏறினோம்.

பெறாமகன் நெடுநேரம் யோசித்திருந்துவிட்டு, "சித்தப்பா, அவர் ரியூப்பை அடிக்க நீங்களும் சித்தியும் ஏன் அப்பிடிக் குனிஞ்சனீங்கள்?" என்று கேட்டான். நாம் தமையனாரைப் பார்த்தோம். அவர் தெருவைப் பார்த்தே வண்டியோட்டிக்கொண்டிருந்தார். பதுங்குகுழியைப் பற்றி அவர் தம் மகனுக்கு ஒருநாளும் கூறியதில்லை என்பது அம்மௌனத்தால் விளங்கிற்று. நாம் தொடங்குமுன்னரே அவர், "எங்கடை வீட்டுப் பங்கரை வெட்டினது நானும் அப்பப்பாவும்தான். எனக்கு அப்ப பதினாறு வயசு" என்றார். பின்னர் ஒக்லாந்து வரும்வரை அவரே பேசினார். எங்கே வெட்டியது, மண்ணை எங்கே கொட்டியது, எவ்வாறு குற்றி சுமந்தது, எந்த மூலையிலே தம்பியை இருத்தியது என்பதெல்லாம் எமக்கும் புதிய செய்திகளாயிருந்தன. பையன் ஒருமுறை மட்டும் குறுக்கிட்டு, "அதுக்கு எத்தனை வாசல்?" என்று கேட்டான். "ரெண்டு" என்றார் தமையனார்.

இன்று எம் வகுப்பிலே இருக்கும் பிள்ளைகளும் 2009இல் போர் முடிந்தபின் பிறந்தவர்களே. பதுங்குகுழி அவர்களுக்குப் பெரியோர் வாயிலிருந்து தவறி விழும் ஒரு சொல். அவர்களை அவ்விருட்டிலே கொண்டுபோய்த் தள்ளுவதும் முறையன்று. அப்படியோர் இருட்டு இருந்ததேயில்லை என்பதுபோல் இருப்பதும் முறையன்று. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், வெளியேறும் வழியை முதலிலேயே மண்ணிற் கீறிக் காட்டிவிட்டு அழைத்துச் சென்றால், பதினான்கு வயதுப் பிள்ளையும் அஞ்சாது வரும். நாற்பது வயதுப் பெண்மணியும் அஞ்சாது வருவார். நாம் கல்லூரிக்குத் திரும்பியபின் சுண்ணாம்புக் குகையைப் பற்றிய பாடத்தை அவ்வாறே நடத்தினோம். பாடத்தின் முடிவிலே, தத்தம் வீட்டில் குழி இருந்த இடத்தைப் பெரியோரிடம் கேட்டறிந்து வருமாறு மாணவரிடம் கூறினோம். மறுநாள் ஏறக்குறைய எல்லோரும் படங் கீறிக்கொண்டு வந்தார்கள்.

நியூசிலாந்து செல்லும் வாய்ப்புப் பெறும் அன்பர்களுக்கு ஒரு சொல். இதயநோய் உடையோரும், அடைத்த இடத்திலே மூச்சுத் திணறுவோரும் ரியூப்பை நாட வேண்டாம். அவர்களுக்கென்றே நடந்து பார்க்கும் வழியும் படகிற் சென்று பார்க்கும் குகையும் அங்கு உள. ஏனையோர் துணிந்து செல்லலாம். இரு மாற்றுடையும் ஒரு தடித்த துவாயும் எடுத்துச் செல்க. இருட்டிலே ஒரு பேரொலி எழும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். அவ்வேளை குனிய வேண்டியதில்லை, அண்ணாந்து பாருங்கள்.